மங்கலம் குலைந்த வீடு

கரையேற்றம் என்ற சொல்லைக் கண்டுபிடித்தவள் சொர்ணம்தான். சும்மா சொல்லக்கூடாது, நல்ல சொல். அதற்கு முன்னால் அரசாங்கம் என்னென்னவோ பெயர் வைத்துப் பார்த்தது. 'அமைதி ஊசி' என்றார்கள். ஊசி என்று காதில் விழுந்ததுமே ஜனங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடினார்கள். 'இறுதி நலத்திட்டம்' என்றார்கள். திட்டம் என்றால் எப்படியும் வந்து சேராது என்று யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தூத்துக்குடி மண்டல அலுவலகத்தின் இன்சொல் பிரிவில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த சொர்ணம், ஒரு மத்தியானம் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே, "கரையேற்றம்னு வைக்கலாமே சார்" என்றாள். துறைமுகத்து ஊர்க்காரிக்கு வேறு என்ன தோன்றும்? இயக்குநர் எழுந்து நின்று கைதட்டினார்.

விஷயம் இதுதான். ஒவ்வொரு வீட்டுக் கூடத்துச் சுவரிலும் நலம்பேசி என்று ஒரு கருவி இருக்கிறது. வீட்டில் யாருக்கு எவ்வளவு மருந்து, எத்தனை கை உதவி, எவ்வளவு மின்சாரம் என்று அது கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒருத்தரைப் பராமரிப்பது எல்லை தாண்டிவிட்டது என்று அதற்குத் தோன்றினால் நாள் குறித்துவிடும். அன்றைக்கு ஒரு அலுவலர் வருவார். ஏலக்காய் மணக்க ஒரு தம்ளர் பால் கொடுப்பார். அதற்குப் பெயர் நிறைவுப் பால். குடித்தவர் அப்படியே சாய்ந்து தூங்கிவிடுவார். அதற்கப்புறம் எழுந்திருக்க மாட்டார், அவ்வளவுதான்.

பெயர் மட்டுமில்லை, விழாவையும் சொர்ணம்தான் வடிவமைத்தாள். "அழுகையும் கூப்பாடுமா இருக்கிற இடத்துல வாங்கின சம்மதம் செல்லாதுன்னு கோர்ட்டு சொல்லிடுச்சும்மா. ஜனங்க அழாம இருக்க ஒரு வழி சொல்லு" என்று இயக்குநர் கேட்டபோது அவள் யோசிக்கவே இல்லை.

"கல்யாணம் மாதிரி நடத்திருவோம் சார். நம்ம ஆளுங்க கல்யாண வீட்டுல மட்டும் வாயைத் திறக்க மாட்டாங்க. சாம்பார்ல உப்பு இல்லன்னாகூட வெளிய வந்துதான் சொல்லுவாங்க."

அப்படித்தான் வாழைமரம் வந்தது, அழைப்பு வந்தது, குத்துவிளக்கும் பாயாசமும் வந்தன. நலம்பேசியில் ஒரு சின்ன விளக்கு வைத்தார்கள். வீட்டில் மங்கலம் நிலவினால் பச்சை, குலைந்தால் சிவப்பு. கல்யாணம் மாதிரி என்று ஆன பிறகு அரைகுறையாக விடுவானேன் என்று சொர்ணம் ஒரு விதியையும் சேர்த்து எழுதினாள். மங்கலம் குலைந்த வீட்டில் ஓராண்டுக்கு எந்த நற்காரியமும் கூடாது. துக்கம் நடந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குக் கல்யாணம் காட்சி வைக்க மாட்டார்கள் இல்லையா, அந்த வழக்கம்தான். இயக்குநர், "நம்ம பண்பாட்டை எவ்வளவு அழகாப் புடிச்சிருக்கே!" என்று நெகிழ்ந்துபோனார். அந்த விதிக்கு வேலையே வரவில்லை. விளக்கு எந்த வீட்டிலும் சிவக்கவில்லை.

பழைய சொற்களெல்லாம் கசப்புச் சொற்கள் ஆகிவிட்டன. யாராவது வாய் தவறிச் சாவு என்று சொல்லிவிட்டால், "இனிமையாகப் பேசுவோமே!" என்று நலம்பேசி கொஞ்சும். கொஞ்சம் கொஞ்சமாக ஜனங்கள் அந்தச் சொல்லையே விட்டுவிட்டார்கள்.

இப்படி ஊருக்கெல்லாம் கரையேற்றம் நடத்திக் கொடுத்தவள் வீட்டில் ஒரு திங்கட்கிழமை காலையில் நலம்பேசி நாதஸ்வரம் வாசித்தது.

"வாழ்த்துகள்! திரு சுடலைமுத்து அவர்களின் கரையேற்ற நாள் கனிந்துவிட்டது. வரும் வெள்ளிக்கிழமை, நல்ல நேரத்தில். மகிழ்ந்திருங்கள்!"

சுடலைமுத்து சொர்ணத்தின் அண்ணன். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு அவளைத் தூக்கி வளர்த்தவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். மேலேயிருந்து ஒருநாள் விழுந்தார். அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, சக்கர நாற்காலிதான். இந்த வருஷம் நுரையீரலும் மக்கர் பண்ண, மூச்சுக்கு ஒரு இயந்திரம் சேர்ந்துகொண்டது. ஆனால் மனுஷன் வாய்க்கு ஒரு குறையும் கிடையாது. சாயங்காலமானால் தெருப்பயல்களைக் கூட்டிவைத்து கேரம் ஆடுவார். தோற்றால் பலகை சரியில்லை என்பார்.

அண்ணன் மனைவி கோமதி அடுப்படியில் சட்னிக்குத் தேங்காய் கீறிக்கொண்டிருந்தாள். அறிவிப்பைக் கேட்டதும், எல்லோரும் பழகிவைத்திருப்பதுபோல, "சந்தோசம்" என்றாள். கத்தி நின்றுபோனது. அப்புறம், "சொர்ணம், பாயாசத்துக்குச் சேமியா போடவா, பாசிப்பருப்பு போடவா? அவுகளுக்குப் பாசிப்பருப்புதான் பிடிக்கும்" என்றாள். முகத்தில் சிரிப்பு இருந்தது. சொர்ணம் அந்தச் சிரிப்பையே பார்த்தாள். பாவி, நான் என்ன காரியம் பண்ணிவைத்திருக்கிறேன் என்று முதல்முறையாக அன்றைக்குத்தான் நினைத்தாள். ஊரில் எத்தனை பேர் இப்படிச் சேமியாவா பருப்பா என்று கேட்டிருப்பார்கள்!

சாயங்காலம் அண்ணனை நாற்காலியோடு கடற்கரைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். அங்கே சுவர் கிடையாது, நலம்பேசியும் கிடையாது. ஒரு கடலைப் பொட்டலம் வாங்கி அவர் மடியில் வைத்தாள்.

"என்னட்டி, மூஞ்சியைக் கருவாடு மாதிரி வச்சிருக்கே?" என்றார் சுடலைமுத்து.

"வெள்ளிக்கிழமை என்ன சொல்லப்போறண்ணே?"

"சொல்லதுக்கு என்ன இருக்கு? 'இன்றே கரையேறுகிறீர்களா, நாளை கரையேறுகிறீர்களா'ன்னு கேப்பாங்க. நாளைக்குன்னு சொன்னா நாளைக்கும் வந்து அதையே கேப்பாங்க. கேள்வி நீ எழுதினதுதானே? வேண்டாம்னு சொல்ல அதுல எங்கட்டி இடம் விட்டிருக்கே?"

"திட்டுண்ணே. நல்லாத் திட்டு."

"உன்னைத் திட்டி என்ன ஆவப்போவுது? உன் படம் பேப்பர்ல வந்தப்ப தெருவெல்லாம் லட்டு கொடுத்தவன் நான்தானே." கடலையை உடைத்து அவள் கையில் பாதி வைத்தார். "என் தங்கச்சி வார்த்தையிலதான் போறேன்னு ஒரு பெருமை இருக்கட்டும் போ."

அவர் வேடிக்கைக்குத்தான் சொன்னார். சொர்ணம் மணலில் உட்கார்ந்துவிட்டாள். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. அப்போது அவளுக்கு, ஒருநாளும் வேலை வராத அந்த விதி ஞாபகத்துக்கு வந்தது.

"அண்ணே, கரையேற்றமும் நற்காரியம்தானே. விளக்கு சிவந்துட்டா ஒரு வருஷத்துக்கு உன்கிட்ட யாரும் வர முடியாது."

"அது எப்படிட்டி சிவக்கும்?"

"நம்ம வீட்டைச் சாவு வீடா ஆக்கிருவோம்."

அந்த வார்த்தையை அவள் சொல்லிப் பல வருஷம் ஆகியிருந்தது. சுடலைமுத்து சுற்றுமுற்றும் பார்த்தார். அப்புறம் இயந்திரத்து மூச்சு தடுமாறும் அளவுக்குச் சிரித்தார்.

"எழவு விழாமலே எழவு வீடா? நடத்துட்டி. என் எழவை நானே பார்க்கிற பாக்கியம் எவனுக்குக் கிடைக்கும்?"

பக்கத்து வீட்டுத் தெரசம்மாவைத் தெருவிலேயே நிறுத்திச் சொர்ணம் விஷயத்தைச் சொன்னாள். மீன் சந்தையில் ஏலம் கூறுகிற தொண்டை தெரசம்மாவுக்கு. ஒப்பாரி என்றால் என்னவென்று சின்ன வயசில் கேட்ட ஞாபகம் மட்டும் இருந்தது. "பாதிதான் தெரியும். மீதியை இட்டுக்கட்டிக்கிடலாம். நீ கவலையை விடு" என்றாள். அழைப்புப் பட்டியலில் இவ்வளவு பேருக்குத்தான் இடம் என்று சொர்ணம் தயங்கியபோது, தெரசம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எழவு வீட்டுக்கு எவனாவது பத்திரிகை வச்சுக் கூப்பிடுவானாட்டி? கேள்விப்பட்டா வர வேண்டியதுதானே!"

வெள்ளிக்கிழமை காலை வாசலில் வாழைமரம் கட்டியாகிவிட்டது. அலுவலர் நெல்லையப்பன் பட்டுச்சட்டையும் சந்தனப் பொட்டுமாக வந்து இறங்கினார். சின்ன வயசுதான். சொர்ணத்தைப் பார்த்ததும் கைகூப்பி, "மேடம், உங்க வீட்டுக் கரையேற்றத்தை நடத்தி வைக்கிறது என் பாக்கியம்" என்றார். அவரைப் பயிற்சி வகுப்பில் இப்படிப் பேசப் பழக்கியவளும் சொர்ணம்தான். யாரை நொந்துகொள்வது?

சுடலைமுத்துவுக்கு வேட்டி சட்டை போட்டு மாலை சூட்டிக் கூடத்து நடுவில் உட்காரவைத்தார்கள். கோமதி பாயாசத்தோடு அடுப்படி வாசலில் நின்றாள். திட்டம் அவளுக்கும் தெரியும். ஆனாலும் சிரிப்பை முகத்திலிருந்து இறக்கிவைக்க அவளுக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் தெருவில் இருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அழைப்பு இல்லாதவர்கள். கிரேன் ஓட்டிய கூட்டாளிகள், மீன் சந்தைப் பெண்கள், கேரம் ஆடுகிற பயல்கள், தெருக்கோடி வீட்டு மளிகைக்காரர். ஆண்கள் யாரும் உள்ளே வராமல் வாசலில் கைகட்டி நின்றார்கள். வாங்க என்று சொல்லப்போன நெல்லையப்பனை யாரும் கண்டுகொள்ளவில்லை. பெண்கள் கொண்டையை அவிழ்த்துவிட்டுக்கொண்டு நேரே உள்ளே வந்தார்கள். சுடலைமுத்துவைச் சுற்றி உட்கார்ந்து ஒருத்தி தோளில் ஒருத்தி கைபோட்டுக்கொண்டார்கள்.

"யாரும்மா இவங்கல்லாம்? நாற்காலியே பத்தாதே" என்றார் நெல்லையப்பன்.

தெரசம்மா எடுத்தாள் குரலை.

"மலையத் தூக்கி வச்ச கையி
மரமாட்டம் கெடக்குதய்யா!
வைரத் தோடு வாங்கித் தந்த அண்ணே, என்
வாசலத்தான் மறந்தியளே!"

"ஏட்டி தெரசா!" என்றார் சுடலைமுத்து மாலைக்குள்ளிருந்து. "நான் எப்பட்டி உனக்கு வைரத் தோடு வாங்கித் தந்தேன்? கோமதி கேட்டுக்கிட்டு நிக்கா, எனக்கு வீட்டுல சோறு கிடைக்காது."

"போய்ச் சேர்ந்தவன் பேசப்பிடாது, சும்மா கெடய்யா" என்று அதட்டிவிட்டுத் தெரசம்மா அடுத்த அடிக்குப் போனாள். கேரம் பயல்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மாரில் அடித்துக்கொண்ட பெண்களில் பாதிப் பேருக்குத் தோள் குலுங்கியது அழுகையால் இல்லை.

நலம்பேசி மணியடித்தது. "அருமையான கிராமியப் பாடல்! இல்லத்தில் மங்கலம் பெருகுகிறது."

விளக்கு முன்னைவிடப் பளிச்சென்று பச்சையாக எரிந்தது.

சொர்ணத்துக்கு அப்போதுதான் புரிந்தது. கருவிக்கு ஒப்பாரி தெரியவில்லை. எப்படித் தெரியும்? யாரும் பாடிக் கேட்டதே இல்லையே. அது பார்ப்பது நாடித் துடிப்பையும் குரல் நடுக்கத்தையும். இங்கே இருப்பதோ விளையாட்டும் சிரிப்பும். இவ்வளவு கூட்டத்தைக் கூட்டி அண்ணனுக்கு நல்லபடியாக ஒரு திருவிழா நடத்தியாகிவிட்டது.

நெல்லையப்பன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நிறைவுப் பாலைத் தட்டில் எடுத்துவைத்தார். ஏலக்காய் வாசனை கூடமெங்கும் பரவியது. பாட்டு தானாக நின்றது. அவர் மனப்பாடமாக, தேன் குழைத்த குரலில் கேட்டார்.

"பெரியவரே, இன்றே கரையேறுகிறீர்களா, நாளை கரையேறுகிறீர்களா?"

சுடலைமுத்து பாலைப் பார்த்தார். கோமதியைப் பார்த்தார். அவள் பாயாசக் கிண்ணத்தோடு சிரித்துக்கொண்டுதான் நின்றாள். சுடலைமுத்து ஏதாவது வேடிக்கையாகச் சொல்வார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் கை மெதுவாகத் தட்டை நோக்கிப் போனது. கேட்டுவிட்டார்கள், மறுப்பதெப்படி என்கிற கூச்சம்தான் அது, வேறொன்றும் இல்லை. ஊரில் எல்லோரும் அந்தக் கூச்சத்தில்தான் குடித்தார்கள்.

சொர்ணம் குறுக்கே பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

"அண்ணே, அதைக் குடிச்சா நீ செத்துப்போவே."

"இனிமையாகப் பேசுவோமே!" என்றது நலம்பேசி.

"செத்துப்போவே அண்ணே. நாளைக்குக் காலையில இந்த நாற்காலி இருக்கும், நீ இருக்க மாட்டே. உன்னைக் கொண்டுபோய்ப் புதைச்சிருவாங்க. நான் கூப்பிட்டா ஏன்னு கேக்க ஆள் இருக்காது." அவளுக்குக் குரல் உடைந்தது. "இவ்வளவு வார்த்தை எழுதினேன், ஒரு கேள்வியை மட்டும் எழுதாம விட்டுட்டேன். இப்ப கேக்கேன். உனக்குச் சாகணுமா அண்ணே?"

"இனிமையாகப் பேசுவோமே! இனிமையாக..."

கிரேன் உச்சியில் காற்றோடு மல்லுக்கட்டியவர், விழுந்து கிடந்தபோதும் ஆம்புலன்ஸ்காரனைக் கிண்டலடித்தவர், சின்னப்பிள்ளை மாதிரித் தங்கையின் கையை இறுக்கிக்கொண்டார்.

"வேண்டாம் புள்ள. எனக்குப் பயமா இருக்கு. நான் இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேனே."

கிண்ணம் கீழே விழுந்தது. கோமதி வாய்விட்டு அலறினாள். சிரிப்பெல்லாம் உதிர்ந்துபோன அந்த முகத்தை அவர் மடியில் போட்டு, "என்னைய விட்டுட்டுப் போவாதீக, போவாதீக" என்று கதறினாள். பாதி தெரிந்த பாட்டு இனிமேல் யாருக்கு வேண்டும்? தெரசம்மா தன் அப்பாவைச் சொல்லி அழுதாள். மளிகைக்காரர் வாசலில் நின்றபடியே துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, மூன்று வருஷத்துக்கு முன் சிரித்த முகத்தோடு அனுப்பிவைத்த தன் மனைவியின் பெயரைச் சொன்னார். சேர்த்துவைத்த அழுகையெல்லாம் மடை திறந்து அந்தக் கூடத்துக்குள் வந்தது.

விளக்கு மஞ்சளாகி, சிவந்தது.

"மங்கலம் குலைந்தது" என்றது நலம்பேசி, அதே தேன்குரலில். "விதிப்படி இவ்வில்லத்தில் ஓராண்டுக்கு நற்காரியம் இல்லை. வருந்துகிறோம்."

அதை யாரும் கவனிக்கக்கூட இல்லை. சொர்ணம் மட்டும் கவனித்தாள். தட்டைப் பிடித்தபடி நெல்லையப்பன் சுவரோரம் நிற்பதையும் அவள் பார்த்தாள். பால் தட்டில் சிந்திக்கொண்டிருந்தது.

"மேடம், எங்கம்மா போன ஆடியில கரையேறினாங்க" என்றார் அவர். "நான்தான் நடத்திவச்சேன். இந்தக் கேள்வியை நான் கேக்கவே இல்லையே மேடம். கேட்டிருந்தா அவங்களும் வேண்டாம்னு சொல்லியிருப்பாங்களோ?"

சொர்ணம் தட்டை வாங்கிக் கீழே வைத்தாள். தெரசம்மா எழுந்துவந்து அந்தப் பட்டுச்சட்டைக்காரரின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "அழு ராசா. அன்னைக்கு அழாததை இன்னைக்கு அழுதுரு" என்றாள். அவர் அழுதார்.

அழுது ஓய்ந்தபோது எல்லோர் முகமும் கழுவிவிட்டதுபோல் இருந்தது. கோமதி மிச்சப் பாயாசத்தைச் சூடு பண்ணினாள். நெல்லையப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "விதியை மாத்திருவாங்களே மேடம்?" என்று கேட்டார்.

"மாத்தட்டும். அதுக்கு, அழுதாலும் பரவாயில்ல, கொல்லலாம்னு எழுதணும். அதை இனிமையா எழுதுறதுக்கு அங்க என்னைத் தவிர ஆள் இல்ல" என்றாள் சொர்ணம். "நான் எழுதமாட்டேன்."

"எனக்கு ஒரு வருசம் இருக்குல்ல?" என்றார் சுடலைமுத்து. "அடுத்த வருசமும் வந்து அழுங்க. தெரசா, நீ அதுக்குள்ள பாட்டை ஒழுங்காப் படிச்சு வை."

ஒவ்வொருவராக எழுந்தார்கள். துக்க வீட்டில் யாரும் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. நினைத்துச் செய்தார்களா, பழைய வழக்கம் எங்கோ ஒட்டிக்கொண்டிருந்ததா தெரியாது, தலையைக் குனிந்துகொண்டு பேசாமல் படியிறங்கினார்கள். கூடம் காலியாகிக்கொண்டே வந்தது. சுடலைமுத்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், மூச்சைத் திரட்டிக்கொண்டு ஒரு சத்தம் போட்டார்.

"ஏலே, எங்கலே பேசாமப் போறிய? நான் உசுரோடதாம்ல இருக்கேன். சொல்லிட்டுப் போங்கலே!"

தெருவில் கால்கள் நின்றன. முதலில் ஒரு கேரம் பயல் ஓடிவந்தான். பின்னாலேயே எல்லோரும் திரும்பிவந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். "போயிட்டு வாறோம் அண்ணாச்சி!" என்று ஒரே குரலில் கத்தினார்கள். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்து, "வாங்க, வாங்க" என்றார்.

அடுத்த வாரம் ஒரு காலை. கோமதி தேங்காய் கீறிக்கொண்டிருந்தாள். நெல்லையப்பன் வந்தார். பட்டுச்சட்டை இல்லை, பொட்டும் இல்லை. உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. வாசலுக்கு வெளியே நின்று, "கீழத்தெருவில வேம்புலிங்கம் வீடு. பத்து மணிக்குக் கரையேற்றம்" என்றார். அவ்வளவுதான், போயிட்டு வாறேன் என்றுகூடச் சொல்லாமல் திரும்பி நடந்தார்.

அந்த வீட்டிலிருந்து இவர்களுக்கு அழைப்பு எதுவும் வந்திருக்கவில்லை. சொர்ணம் கொண்டையை அவிழ்த்துவிட்டுக்கொண்டு தெரசம்மாவைக் கூப்பிட்டாள். கோமதி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நாற்காலியின் பிடியைப் பற்றினாள்.

"சீக்கிரம் தள்ளு" என்றார் சுடலைமுத்து. "அந்த மனுசன்கிட்ட யாராவது கேக்கணும்லா."